மீதி இருபது மீட்டர்

வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் மின்சாரம் உண்மையைச் சொல்லும். ஒன்றை மட்டும் கேட்டால், கேட்டவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடும். இந்த ஒரு வரியை ஒப்புக்கொள்ளாதவர்களோடு மல்லுக்கு நிற்பதுதான் எங்கள் தொழில். வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு தாம்பரம், சேலையூர், பம்மல் என்று மாடி மாடியாக ஏறி இறங்கும் சக துன்பத்தாரே, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிக்கக்கூடும். நீங்கள் பல்லைக் கடிப்பீர்கள்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்கம்பியாளர் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கம்பியாளர்கள் வாய்வழியாகச் சொல்லும் கணக்குகளை, யார் சொன்னது, எந்த ஊரில், எந்தச் சொல்லால் என்று பிரித்து எழுதி வைப்பது என் நெடுநாள் வழக்கம். ஆகவே கீழே வரும் பேச்சுகளில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவுமில்லை, திருத்தவுமில்லை. கோபம் மட்டும் என்னுடையது.

நண்பகலில் எல்லாம் நலம்

சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை எஸ்தர் டீச்சரும் அவர் கணவர் சாமுவேலும் இருக்கிறார்கள். சாமுவேலின் நுரையீரல் பாதிக்கு மேல் செயலிழந்துவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் ஓட வேண்டும். மாலை வேளைகளில் அது கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோகிறது என்பதுதான் டீச்சரின் புகார். இருநூற்றைந்து வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது நின்றுவிடும். இயந்திரம் பிழைத்துக்கொள்ளும், அவருக்குத்தான் மூச்சு முட்டும்.

நான் முதலில் போனபோது குடியிருப்பின் வழக்கமான எலக்ட்ரீஷியன் பாபுவும் வந்திருந்தார். பம்மல்காரர், கைவேலையில் கெட்டிக்காரர். நேரம் பகல் பன்னிரண்டு. அந்த இயந்திரமும் ஒரு மின்விசிறியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மொத்தம் இரண்டு ஆம்பியர். பாபு மீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக்கில் குத்தினார், இருநூற்று இருபத்தொன்று என்று காட்டியது, முனைகளை உருவினார். எவ்வளவு கரண்ட் ஓடும்போது அந்த இருநூற்று இருபத்தொன்று என்று அவர் பார்க்கவில்லை. இதற்கு முன் நான்கு முறை வந்தபோதும் பார்க்கவில்லையாம். நான் கேட்டதற்கு, மீட்டரைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு இருபத்தொண்ணு கீது, நீயே பாரு சார். லைனு சோக்கா கீது, மெஷினுதான் பேஜாரு."

நாற்பது வரை எண்ணுதல்

அன்று மாலை ஏழு மணிக்குத் திரும்பப் போனேன். வெயில் நாள். வெக்கையில் சாமுவேலுக்கு இழுப்பு அதிகமாகும் என்பதால் அறையில் ஏசி ஓடியது. ஃபிரிட்ஜ், விளக்குகள், சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு. டாங் டெஸ்டரின் தாடைக்குள் மெயின் வயரைப் பிடித்தேன்: பதினான்கு ஆம்பியர். அதே கணத்தில் பிளக்கில் வோல்ட் இருநூற்று மூன்று. கீழே மீட்டர் பலகையில் காவலாளியை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். அங்கே இருநூற்று இருபத்து நான்கு. கீழிருந்து மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் இருபத்தொரு வோல்ட் காணாமல் போகிறது. அதைப் பதினான்கால் வகுத்தால் ஒன்றரை ஓம் தடை. பெருக்கினால் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு வாட். அவ்வளவு சூடு அந்தக் கட்டடத்தின் சுவருக்குள் எங்கோ கசிந்துகொண்டிருக்கிறது. பகல் கணக்கும் இதோடு ஒத்துப்போனது: இரண்டு ஆம்பியர், ஒன்றரை ஓம், மூன்று வோல்ட் இழப்பு. பாபுவின் மீட்டர் காட்டிய இருநூற்று இருபத்தொன்று பொய்யில்லை. அவர் கேட்ட கேள்விதான் பொய்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் கத்தியது. டீச்சர் ஓடவில்லை, பதறவில்லை. "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே மூலையிலிருந்த சிலிண்டரின் திருகைத் திறந்து, குழாயைக் கழற்றி இதில் செருகி, கணவரின் மூக்கடியில் சரிசெய்தார். முப்பத்தெட்டில் முடிந்தது. ஒரு நாளில் ஐந்தாறு முறை இது நடக்கிறதாம். நான் என் கணக்குத் தாளை நீட்டி விளக்கத் தொடங்கியதும் கையமர்த்திவிட்டார்: "எனக்குக் கணக்கு வராது சார். நாப்பது வரைக்கும் எண்ணத் தெரியும். நாப்பதத் தாண்டினா அவங்க முகம் மாறிடும்."

எழுதியிருப்பது எதுவோ அதுவே மெய்

சங்கச் செயலாளர் வரதன் ஒரு பெரிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். என் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து எனக்குப் பாடம் எடுத்தார். இயந்திரத்தின் முதுகில் முந்நூற்றைம்பது வாட் என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டு மின்சாரம் இருநூற்று முப்பது வோல்ட். வகுத்தால் ஒன்றரை ஆம்பியர். "ஒன்றரை ஆம்ப்ஸ் எடுக்கிற மெஷினுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டார். நண்பர்களே, இருநூற்று முப்பது என்பது அந்தக் கட்டடத்தில் அன்று எந்த நேரத்திலும், எந்த இடத்திலும் இல்லாத எண். இல்லாத எண்ணைக் கீழே போட்டு வகுத்தால் வருகிற விடை எதைப் பற்றியது?

ஸ்டெபிலைசர் வாங்கி வைக்கச் சொன்னார். அது குறைந்த வோல்ட்டை ஈடுகட்ட இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும், சுவருக்குள் இருக்கும் சூடு இன்னும் ஏறும் என்றேன். ஏசியை நிறுத்தச் சொன்னார். நோயாளி வேகட்டுமா என்றேன். சரி, கட்டடத்தின் வெளிப்பக்கமாகத் தற்காலிகமாக ஒரு கேபிளாவது இழுத்துக்கொள்கிறோம் என்றேன். முகப்பின் அழகு கெட்டுவிடும் என்றார். அழகு! கடைசியில் என் தாளை மடித்து, என் சட்டைப் பையில் அவரே செருகிவிட்டுச் சொன்னார்: "மெஷின்ல பிரிண்ட் ஆகியிருக்கிறதுதான் சார் ரெக்கார்ட். நீங்க அளந்தது உங்க பெர்சனல் ஒப்பீனியன்."

கயிறும் கணக்கும்

தடை தெரிந்தால் வயரின் நீளம் தெரியும். டீச்சர் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாலு எம்எம் வயர் வந்து சேர வேண்டிய இடத்தில் ஒரு எம்எம் வயர் வந்து நின்றது. இது முதல் அதிர்ச்சி. அந்தக் கனமுள்ள செம்புக் கம்பி நூறு மீட்டருக்கு ஒன்று புள்ளி எட்டு ஓம் கொடுக்கும். அப்படியானால் ஒன்றரை ஓமுக்கு எண்பத்து மூன்று மீட்டர். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கம்பிகள்; ஆக, ஒரு வழிக்கு நாற்பத்தொன்று. கீழே மீட்டர் பலகையிலிருந்து வயர் போகும் பாதை முழுவதையும் சணல் கயிறு பிடித்து அளந்தேன். இருபத்தொரு மீட்டர்தான் வந்தது. மறுபடியும் அளந்தேன். அதே இருபத்தொன்று.

மீதி இருபது மீட்டர் எங்கே? கண்ணுக்குத் தெரியும் இடங்களிலெல்லாம் வயர்க் குழாய் நேராக ஓடியது. தெரியாத இடம் ஒன்றே ஒன்று: கீழ்த்தளக் கூடத்தில் போன வருடம் புதிதாக ஒட்டிய கிரானைட் சுவர். கூடத்தைப் புதுப்பித்தபோது பழைய குழாய்களை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்து ஆறு வீடுகளின் லைனையும் கல்லுக்குப் பின்னால் புதிதாக இழுத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன். வரதன் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்சிமிட்டிவிட்டுச் சொன்னார்: "கல்லுக்குப் பின்னாடி இருபது மீட்டர் வயர் இருக்குன்னு கணக்கு சொல்லுதா? அப்படியே புதையல் ஏதாவது இருக்கான்னும் போட்டுப் பாருங்க சார்."

உதிர்ந்த இரண்டு அடிகள்

எந்த வயர் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பதற்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு. என் குறிப்பேட்டில் அது பல வடிவங்களில் இருக்கிறது. முழு வடிவத்தைப் படப்பையில் மோட்டார் காயில் கட்டும் ஒருவரிடம் பதிவு செய்தேன்: "எம்எம்முக்குப் பத்து. பத்து மீட்டர் தாண்டினா பாதி. சுருட்டி வெச்சா அதுலயும் பாதி." மூன்று அடி. தாம்பரத்துக்கு வருவதற்குள் மூன்றாவது அடி உதிர்ந்துவிடுகிறது. பம்மலில் இரண்டாவதும் இல்லை. "எம்எம்முக்குப் பத்து" என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. நாட்டுப்புறப் பாட்டில் ஓர் அடி உதிர்ந்தால் ஆய்வாளனுக்கு ஒரு கட்டுரை கிடைக்கும். இதில் உதிர்ந்தால் வீடு பற்றி எரியும்.

கல்லுக்குப் பின்னால் அந்த லைனை இழுத்தவர் ஏழுமலை என்று பாபு சொன்னார். பெரும்பாக்கத்துக் குடியிருப்பில் எட்டாம் மாடி, லிஃப்ட் ஓடவில்லை. ஏறிப் போகும்போதே அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் கூர் தீட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிவர ஆளனுப்பினார். நான் கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னார். ஏறும்போது ஒருவர் மேல் இருந்த கோபம் இறங்கும்போது வேறொருவர் மேல் மாறியிருந்தது. அவர் சொன்னது இது: "வயர செகரட்ரி சார்தான் வாங்கியாந்து குட்தாரு. ஒன் எம்எம்மு. எம்எம்முக்குப் பத்துன்னு நானும் உட்டுட்டேன். மிச்சத்த அறுத்துறலாமான்னு கேட்டேன் சார், வேஸ்ட் பண்ணாத, பின்னாடி யூஸ் ஆவும், சுருட்டி உள்ள சொருவுன்னு அவருதான் சொன்னாரு."

மாவுப் பானை

ஏழுமலை சொன்னதை வரதனிடம் அப்படியே சொன்னேன். தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றார். கல்லை எடுப்பதானால் பொதுக்குழுவில் வைக்க வேண்டும், பொதுக்குழு அடுத்த மாதம்தான் என்றார். மாடியில் ஒருவர் நாளுக்கு ஐந்தாறு முறை மூச்சுக்குத் தவிக்கிறார். கீழே இவர்களுக்கு நிகழ்ச்சி நிரல்.

கூடத்திலிருந்து வெளியே வரும்போதுதான் அதைப் பார்த்தேன். கிரானைட் சுவரின் அடியில், தரையை ஒட்டி, மூடி போட்ட ஓர் எவர்சில்வர் பானை. காவலாளியின் மனைவி கஸ்தூரி இட்லி மாவு அரைத்து விற்பவர். அது அவருடைய பானை. ஏன் இங்கே என்று கேட்டேன். அந்தக் கல் சாயங்காலமானால் வெதுவெதுப்பாகிவிடும், மாவு இரண்டே மணி நேரத்தில் பொங்கிவிடும், எட்டு மாதமாக இப்படித்தான் செய்கிறேன் என்றார். கல்லில் உள்ளங்கையை வைத்தேன். மற்றக் கற்கள் குளிர்ந்திருந்தன. முட்டியளவு உயரத்தில் இரண்டே கற்கள் காய்ச்சல்காரனின் நெற்றி போலச் சுட்டன. டீச்சர் வீட்டு வயரில் ஏறக்குறைய பாதி நீளம் அங்கே சுருண்டு கிடந்தால், அதன் சூடு மட்டும் நூற்று நாற்பது வாட்டுக்கு மேல். நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை அந்த அம்மாள் கணக்கே இல்லாமல் எட்டு மாதம் முன்பே கண்டுபிடித்துப் பயன்படுத்தியும் வந்திருக்கிறார்.

வரதனைக் கையைப் பிடித்து இழுத்துவராத குறையாக அழைத்துவந்து கல்லைத் தொட வைத்தேன். தொட்டார். முகம் மாறியது. இனிமேலாவது அறிவு வரும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பானை இருந்த இடம் காலி. கல் அப்படியே இருந்தது. என்ன நடந்தது என்று கஸ்தூரியைக் கேட்டேன். "இனிமே இங்க மாவு வெக்கக் கூடாதுன்னு செகரட்ரி சார் சொல்லிட்டாரு. பானை சூட்டுல கல்லு வெடிச்சுப் பூடுமாம்."

நூற்றுப் பத்து

அதற்கடுத்த வியாழக்கிழமை மாலை. சிலிண்டர் நிரப்பித் தருகிறவர் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். மேலே ஏறி வர முடியாது, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றாராம். டீச்சர் காலியான சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்கக் கீழே இறங்கினார். இறங்கிய நேரத்தில் இயந்திரம் நின்றது. மூன்று மாடிக்கும் கேட்கும் அதன் கத்தல். அறுபத்தாறு வயதில் சிலிண்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறியிருக்கிறார் அந்த அம்மாள். லிஃப்ட்டில் யாரோ மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் சாமுவேலை மருத்துவமனையில்தான் பார்த்தேன். உதட்டில் நீலம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. நான்கு நாள் வைத்திருந்தார்கள். அவர் எப்போதும் அதிகம் பேசாதவர். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சுச் செலவாகும். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். என் நாற்பதாண்டுக் கணக்குகள் ஒன்றும் அப்போது எனக்கு உதவவில்லை. அவரே முகக்கவசத்தைச் சற்று நகர்த்திக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "எஸ்தர் எண்ணிக்கிட்டே... படி ஏறி வந்தா சார். கதவத் திறக்கறப்போ... நூத்திப் பத்துன்னு சொன்னா."

கல்

சாமுவேல் வீடு திரும்பிய மறுநாள் காலை பத்து மணிக்கு டீச்சரிடமிருந்து எனக்கு அழைப்பு. போனேன். கூடத்தில் பாபு நின்றிருந்தார். பக்கத்தில் உளியும் சுத்தியலுமாகப் பம்மல் கொத்தனார் ஒருவர். நாலு எம்எம் வயர்ச் சுருள் தயாராக இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை என்று டீச்சர் சொன்னார். மாடியில் சாமுவேலுக்கு நிரம்பிய சிலிண்டர் மாட்டி, கஸ்தூரியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். ஆறு வீட்டு லைனையும் மீட்டர் பலகையில் அணைத்தேன். கல்லைத் தொட்டு எது எது என்று காட்டினேன். கொத்தனார் அடித்தார்.

முதல் கல் விழுந்ததும் கருகிய பிளாஸ்டிக் நாற்றம் மூக்கைத் தாக்கியது. உள்ளே ஒரு சுருள் அல்ல. ஆறு சுருள்கள், ஆறு வீட்டுக்கும் ஒவ்வொன்று, ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துக் கிடந்தன. நடுவிலிருந்தவற்றின் மேல்தோல் பழுப்பாகி, விரல் பட்டதும் அப்பளம் போல உதிர்ந்தது. இரண்டு இடங்களில் செம்பு வெளியே தெரிந்தது. இன்னும் ஒரு கோடை தாங்கியிருக்காது. பாபு குனிந்து, உதிர்ந்த தோலைக் கையில் அள்ளிப் பார்த்தார். டீச்சர் வீட்டுச் சுருளை மட்டும் பிரித்துக் கயிற்றோடு ஒட்டி வைத்து அளந்தேன்: பத்தொன்பதரை மீட்டர். என் கணக்கில் அரை மீட்டர் பிழை. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

டீச்சர் வீட்டுக்குப் புதிய வயரை இழுத்து முடித்து, மற்ற ஐந்து சுருள்களையும் பிரித்து வெளியே விட்டு, செம்பு தெரிந்த இடங்களில் டேப் சுற்றி, லைனைப் போட்டு, பதினான்கு ஆம்பியர் ஓடும்போது அளந்தேன். கீழே இருநூற்று இருபத்து நான்கு. மேலே இருநூற்று இருபத்தொன்று. கீழே வந்தபோது வரதன் வந்து நின்று, உடைந்த கற்களைக் காட்டி, தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். சட்டம், விதிமுறை, அத்துமீறல், போலீஸ். ஒரு மணி நேரம் உளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற டீச்சர், அவர் மூச்சு வாங்க நிறுத்தும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "மெதுவாப் பேசுங்க சார். மேல அவங்க தூங்குறாங்க."

பொதுக்குழு

அடுத்த மாதப் பொதுக்குழு கூடியது. டீச்சர் வீட்டு லைனிலிருந்து கழற்றிய சுருளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய், பேச அனுமதி கேட்டேன். நான் உறுப்பினர் இல்லை என்பதால் வெளியே உட்காரச் சொன்னார்கள். கருகிய வயரைப் பற்றி நிகழ்ச்சி நிரலில் எதுவும் இல்லை. பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்த உறுப்பினரைப் பற்றி இருந்தது. உள்ளே நாற்காலிகள் இழுபடும் ஓசையும், வரதனின் குரலும், கைதட்டலும் கேட்டன. கண்டனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டீச்சர் கூட்டத்துக்கு வரவேயில்லை, சாமுவேலுக்கு இரவுச் சாப்பாடு கொடுக்கும் நேரம் அது.

படியருகே நான் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து ஒருவர் மெல்ல அழைத்தார். வரதனின் மனைவி. அவர்கள் வீடு அதே பக்கத்தில் இரண்டாம் மாடி. கூட்டம் நடக்கும் அறையின் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவர் கையில் வீட்டுச் சாவி இருந்தது. "எங்க வீட்டுலயும் ஏசி போட்டா லைட்டு டல்லாகுது சார். கொஞ்சம் வந்து அளந்து பாத்துட்டுப் போயிடுறீங்களா, அவர் மீட்டிங் முடிச்சு வர்றதுக்குள்ள?"

போனேன், பதினொரு ஆம்பியரில் பதினாறு வோல்ட் இழப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் தொழிலில் சரியான விடைக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த அங்கீகாரம், அதைக் கண்டித்துத் தீர்மானம் போடுகிறவர் வீட்டுப் படுக்கையறையில் அது ரகசியமாகத் தேவைப்படுவதுதான்.